மூன்றாவது வரியில் வொயிட்னர்

ஆபரேஷன் தியேட்டர் கதவில் ஒட்டியிருந்த பட்டியலில், மூன்றாவது வரியில் வொயிட்னர் இன்னும் காயவில்லை.

டாக்டர் மாதங்கி விரல் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தாள். அடியில் அவள் பெயர்தான். மேலே, அவளோடு பயிற்சியில் இருக்கும் ரஞ்சனின் பெயர் எழுதியிருந்தது.

சனத்நகர் லேத் பட்டறைக்காரருக்குத் தொடை எலும்பு முறிவு. உள்ளே கம்பி வைக்க வேண்டும். அவரிடம் பேசித் தைரியம் சொல்லிக் கையெழுத்து வாங்கியது அவள். கம்பியின் அளவைப் பார்த்து எடுத்து வைத்ததும் அவள். அறுப்பது மட்டும் ரஞ்சனாம்.

மார்ச்சுக்குள் முப்பது ஆபரேஷன்களைத் தன் கையால் செய்திருந்தால்தான் இந்த ஆஸ்பத்திரியில் சர்ஜன் வேலை. ரஞ்சன் இருபத்தாறு முடித்துவிட்டான். அவளுடைய குறிப்பேட்டில் நான்கு.

எட்டு மாதமாக இதே கூத்து. காயத்துக்குக் கட்டுப் போடுவது, மாவுக்கட்டுப் பிரிப்பது எல்லாம் அவள் பெயரில் பத்திரமாக இருக்கும். எக்ஸ்ரே ஓட்டிப் பார்த்தபடி வைக்கிற கம்பி, ஸ்க்ரூ என்று வந்தால் வொயிட்னரும் வந்துவிடும்.

சுத்தியல் பிடிக்கிற வேலை பெண்ணுக்கு ஆகாது என்று சீஃப் நினைக்கிறாரோ? நேர்முகத் தேர்விலேயே முதல் கேள்வி கல்யாணத்தைப் பற்றித்தான் கேட்டார்.

இல்லை, ரஞ்சன்தான். ஆள் கொஞ்ச நாளாகவே சரியில்லை. எக்ஸ்ரே ஓடும்போது மாட்டிக்கொள்கிற ஈயக் கவசத்தைப் போன வாரம் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, கனமாக இருக்கும் என்றான். கல்லூரியில் நான்கு வருஷம் கூடப் படித்தவனுக்குத் திடீரென்று என்ன கரிசனம்? இப்படிக் குழைகிறவர்களை நம்பவே கூடாது.

ரஞ்சன் மேல் ஒரு கண் வை என்று முதலில் சொன்னது அவள் கணவன் கௌஷிக். சாஃப்ட்வேர் கம்பெனியில் தலைக்கு மேல் வேலை இருந்தாலும், அவள் புலம்பலை முகம் சுளிக்காமல் கேட்கிற ஒரே ஜீவன் அவன்தான். ஒவ்வொரு திங்களும் எட்டு மணிக்குப் பட்டியல் ஒட்டுவார்கள். எட்டு ஐந்துக்கு, இன்றைக்காவது கேஸ் கொடுத்தார்களா என்று அவனிடமிருந்து செய்தி வந்துவிடும். பேரக்குழந்தைப் பேச்சை எடுத்த தன் அம்மாவிடம், அவள் சர்ஜன் ஆகட்டும், இரண்டு வருஷம் போகட்டும் என்று அவள் எதிரிலேயே சொன்னவன். அன்றைக்கு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கமலம் சிஸ்டர் வொயிட்னர் குப்பியை மூடிக்கொண்டே வந்தாள். லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள்; அவள் தமிழில் ‘ஏன்’ என்பது ‘கைக்கு’, ‘வேண்டாம்’ என்பது ‘நக்கோ’. இந்தத் தியேட்டரே அவள் ராஜ்ஜியம். வந்ததும் வராததுமாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மாதங்கியை உட்காரச் சொன்னாள்.

இவளும் கூட்டுத்தானா? மாதங்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உட்காராமல், யார் சொல்லி அழித்தீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

சிஸ்டர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“கைக்கு இவ்ளோ கோவம், டாக்டரம்மா? கொழந்தைக்கு ட்ரை பண்றோம், எக்ஸ்ரே ஓடுற கேஸ் அவளுக்கு நக்கோன்னு உங்க வீட்டுக்காருதான் வாராவாரம் சீஃபுக்கு ஃபோன் பண்றாரு. ரோஷக்காரி, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கன்னாராம், அதான் நாங்க எல்லாரும் வாயை மூடிட்டு இருக்கோம்.”

எல்லாரும். எட்டு மாதமாக. ஒருவர்கூட அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோட்டுப் பையில் ஃபோன் அதிர்ந்தது.

மாதங்கி அதை எடுக்கவில்லை. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு ஐந்து. சொன்ன வேலை முடிந்ததா என்று அவன் கேட்கிற நேரம்.