மிச்ச மாத்திரை

"காளியப்பன் கோழிப் பண்ணைய இழுத்து மூடினாத்தான் நம்ம ஆறு பிழைக்கும்!"

கூலாய் ஊர்க் கோயில் மண்டபத்தில் குடியிருப்போர் சங்கத் தலைவர் சபாபதி மேசையைத் தட்டினார். நகராண்மைக் கழகத்துக்கான புகார்க் கடிதம் தயார். எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

காளியப்பன் மூலையில் அழாத குறையாக நின்றார். பாவம், அவர் பிழைப்பே அந்தப் பண்ணைதான்.

ஆற்றுத் தண்ணீரை எட்டு மாதமாகச் சோதித்துவரும் ரூபினி எழுந்தாள். "அங்கிள், தண்ணியில இருக்கிறது கோழி மருந்து இல்ல. மனுஷங்க சாப்பிடுற சர்க்கரை மாத்திரை. மீனு, தவள எல்லாத்துக்கும் ஆபத்து."

"அவன் கோழிங்களுக்குச் சர்க்கரை வந்திருக்கும் லா! ஒவ்வொண்ணும் எவ்ளோ குண்டு!" என்றார் சபாபதி.

கூட்டம் சிரித்தது. காளியப்பன் சிரிக்கவில்லை.

"மாசாமாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை மட்டும் அளவு எகிறுது அங்கிள். அதான் ஏன்னு புரியல."

பின்வரிசையில் முறுக்கு தின்றுகொண்டிருந்த சபாபதியின் மனைவி செல்லம் வாயைத் திறந்தாள்.

"மறுநாள் புதன்தானே? அன்னிக்குத்தான் நம்ம எல்லாருக்கும் கிளினிக்ல சர்க்கரை செக்கப்."

சொல்லிவிட்டு அடுத்த முறுக்கைக் கடித்தாள்.

முன்வரிசையில் இருந்த பேச்சியம்மாள் மெல்ல இழுத்தாள். "மாத்திரை தின்னா வயிறு கலக்குது. மிச்சம் வெச்சா கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி எண்ணிப் பாத்து ஏசுறாங்க. அதான் செக்கப்புக்கு முத நாளே வீட்டுப் பின்னால ஆத்துக்கு ஓடுற லோங்காங் சாக்கடையில கொட்டிடுறேன்."

"அலமாக், நீங்களுமா?" என்றது ஒரு குரல்.

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. ரூபினி எண்ணினாள். பதினேழு.

சபாபதிக்கு ரத்தம் கொதித்தது. "வெக்கமா இல்ல? என்னைப் பாருங்க! ஒரு மாத்திரை மிச்சம் வெச்சதில்ல. சிறந்த நோயாளின்னு கிளினிக்ல மேடையேத்தி மாலை போட்டாங்க!"

"அவரைச் சொல்லக்கூடாது," என்றாள் செல்லம். "லோங்காங்ல ஒரு மாத்திரைகூடப் போட மாட்டாரு."

சபாபதி நெஞ்சை நிமிர்த்தினார்.

"லோங்காங் அடைச்சிக்குமாம். மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டுப் பாலத்துக்குப் போயி, நேரா ஆத்துலயே கொட்டிட்டு வருவாரு."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. காளியப்பன் முன்னால் வந்து பேனாவை எடுத்தார்.

"தலைவரே, கடுதாசியில பேரை மட்டும் மாத்துங்க. முதல் கையெழுத்து நான் போடுறேன்."