குடையா, ஏணியா?

ஓட்டுப்பதிவு முடிய இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. இரண்டு வாரமாகக் கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டைக்கு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார் கணவர். அவள் கிளம்புவதாகவே இல்லை.

"மேயரா யாரைத் தேர்ந்தெடுக்கறதுன்னு எனக்கு இன்னும் புரியலைங்க."

"குடைக்குப் போடு! ஊர்ல எல்லாருக்கும் இலவச பஸ்!"

"வருஷத்துக்கு நாற்பது கோடி ஆகும். மாநகராட்சிக்கு வர்றதே முப்பதுதான். மீதிக்கு எங்க போறதாம்?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

"பால் என்ன விலைன்னே தெரியாதவங்க பேசற பேச்சு! ஏணிக்காரம்மா பிள்ளைங்களுக்கும் வயசானவங்களுக்கும் மட்டும் இலவசம்ங்கறாங்க. ஒன்பதே கோடி. ஒழுகற குழாயை அடைச்சாலே அந்தக் காசு மிச்சமாகும்."

கணவர் வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். இருவரும் போய் ஓட்டுப் போட்டார்கள்.

திரும்பும் வழியில் அவள் சிரித்தாள். "கணக்கு கிடக்குது, மனசு கேக்கலை. குடைக்கே போட்டுட்டேன்."

அவர் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார்.

"நீ சொன்ன கணக்கு சரியாத்தானே இருந்துது? நான் ஏணிக்குப் போட்டுட்டேனே!"

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அட, என்னங்க நீங்க! குடைச் சின்னத்துல நிக்கறதே நீங்கதானே!"