நாலு பக்கமும் சுவர்

எதிர்வீட்டு இங்கிலீஷ் வாத்தியார் தன் மனைவியைத் திருத்தும் அழகைப் பார்க்க நான் எங்கும் போக வேண்டியதில்லை. என் ஜன்னலே போதும்.

“காரை கராஜ்ல விட்டாச்சா?” என்று விருந்தாளிகள் முன்னால் அவள் கேட்டுவிட்டாள்.

“நாலு தூணும் மேல ஒரு தகரமும் இருந்தா அது கார்போர்ட். நாலு பக்கமும் சுவர், முன்னால கதவு இருந்தாத்தான் கராஜ். உன் மண்டையில எதுதான் ஏறும்?”

விருந்தாளிகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வீட்டில் ஏசி கிடையாது. அதனால் மனிதர் மாலையானால் காரில் உட்கார்ந்து, எஞ்சினை ஓடவிட்டு, குளுகுளுவென்று பரீட்சைத் தாள் திருத்துவார்.

அவர் வெளியூர் போன சமயம் அவள் கொத்தனாரை வைத்து அந்தத் தகரக் கூரையைச் சுற்றிச் சுவர் எழுப்பினாள், ஷட்டரும் மாட்டினாள்.

“காத்துக்கு ஒரு ஜன்னல் வச்சிடலாம்மா.”

“வேண்டாம்ணே, தூசி வரும்.”

திரும்பி வந்த வாத்தியாருக்கு வாயெல்லாம் பல். “இப்ப சொல்லு, கராஜ்னு.”

இன்று மாலை அவர் தாள்களோடு காரில் ஏறியதும், வெயில் படாமலிருக்க அவளே ஷட்டரை இழுத்து மூடினாள். உள்ளே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தாள். தெருவில் எல்லார் ஜாதகமும் தெரிந்த நான் இதை மட்டும் கேட்டதில்லை.

“ஏம்மா, நீ எங்கதான் வேலைக்குப் போற?”

“வண்டிப் புகை சோதிக்கிற இடத்துலக்கா. மூடின இடத்துல எஞ்சினை ஓடவிட்டா ஆளே போயிடும்னு வர்றவங்களுக்கெல்லாம் சொல்றதே நான்தான்.”

“இவர்கிட்ட சொல்லலையா?”

“அவருக்கு நான் என்னக்கா சொல்லித் தர்றது?”