பச்சை ரவிக்கையும் பவுடர் டப்பாவும்

பூரணியின் பச்சை ரவிக்கைக்கு உள்பக்கம் மூன்று தையல்கள். அவள் பட்டினி கிடந்து இளைத்தால் ஒரு தையல் கூடும். பட்டினி முடிந்து பருத்தால் இரண்டு பிரியும்.

“முப்பதே நாளில் இளைக்க வைப்பேன்,” என்றது டயட் பவுடர் டப்பா.

“முப்பத்தொன்றாம் நாள் என்னைத்தானே பிரிக்கிறாள்? இன்னொரு தடவை பிரித்தால் கிழிந்துவிடுவேன் அண்ணே,” என்றது ரவிக்கை.

“அவளுக்கு மன உறுதி போதாது.”

“ஐந்து தடவை உன்னைக் கலக்கிக் குடித்தாளே, ஐந்து தடவையுமா?”

அன்று ரவிக்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள் பூரணி. துணியெல்லாம் ஊசி ஓட்டை. பவுடரைக் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவிக் கறுப்புக் கொண்டைக்கடலை நிரப்பினாள். சுண்டல், கீரை, கேழ்வரகுக் களி என்று வயிறாரச் சாப்பிட்டாள்.

மெதுவாகத்தான் இளைத்தாள். எட்டு மாதமாக ஒரு தையலும் பிரியவில்லை.

“பார்த்தாயா தங்கச்சி,” என்றது டப்பா. “எனக்குள்ளிருந்து எடுத்துத் தின்றுதானே இளைத்தாள்!”