ஊருக்குப் போனவள்

காப்பித் தோட்டத்தில் கோப்பிப் பழம் பறித்து முடிந்ததும் கூலிகள் கண்டியிலிருந்து ஊர் திரும்புவது வழக்கம். சடைச்சியை மட்டும் கங்காணி மூன்று பருவமாக விடவில்லை. ஓடிப் பார்த்தாள். கடுகண்ணாவைக் கணவாயில் பிடித்து இழுத்து வந்தார்கள். ஊரில் விட்டு வந்த கைக்குழந்தையை நினைத்து உருகிக்கொண்டிருந்தாள்.

இன்று புது ஆட்கள் வந்தார்கள். வழக்கம்போல அவர்களைப் படம் பிடிக்க, அறை போன்ற தன் படப்பெட்டியைத் தோட்டத் துரை திறந்தார். வரிசையில் அவள் ஊர்ப் பக்கத்து வீட்டு ஓச்சம்மா!

"மதினி! எம் புள்ள எப்படி இருக்கான்?"

ஓச்சம்மா ஓரடி பின்வாங்கினாள். "என்னடி இது! நீ போன வருசமே ஊருக்கு வந்துட்டியே? புள்ளையும் கையுமா உன்னையப் பாத்துட்டுத்தானே நான் கிளம்புனேன்!"

சடைச்சி கங்காணியைப் பார்த்தாள்.

"வந்தவ போய்ட்டா," என்றான் அவன் அலுப்போடு. "நீ துரை எடுத்த படம். படத்துக்கு ஏது ஊரு? போய் வேலையப் பாரு."

"உக்காராத மதினி!" என்று சடைச்சி அலறினாள். அதற்குள் ஓச்சம்மாவைப் பெட்டிக்கு முன்னால் முக்காலியில் அமுக்கிவிட்டார்கள்.

பெட்டியின் பின்கதவு திறந்தது. முக்காலியில் ஓச்சம்மா அசையாமல் இருக்க, உள்ளேயிருந்து இன்னொரு ஓச்சம்மா ஓடி வந்து சடைச்சியின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"பயந்தே போய்ட்டேன்டி! நல்லவேளை, என்னைய ஒண்ணும் செய்யல."