டப்பாவின் மேல் ஒரு ஸ்பீக்கர்

நேற்றுக் குளியலறையில் வழுக்கி விழுந்த அப்பா கூப்பிட்டது யார் காதிலும் விழவில்லை. அதனால் ஜவுளிக்கடைக்கார மகன் கடைக்கு லீவு போட்டுவிட்டு அழைப்பு மணி செய்கிறார். இனி எழுந்திருக்கும் முன்பே கூப்பிட, அப்பாவின் கட்டிலில் பொத்தான். வெயில் சாய்ந்த சாப்பாட்டு மேஜையில் தீப்பெட்டி அளவு சர்க்யூட் பலகை, உள்ளங்கையில் அடங்கும் ஸ்பீக்கர். "அப்பா, அமுக்குங்க!" ஸ்பீக்கர் முனகுகிறது. "கொசுவுக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கு," என்கிறாள் அடுப்படியிலிருந்து மனைவி. வயரை மாற்றுகிறார், புரோகிராமைத் திருத்துகிறார். சொன்ன விலையிலிருந்து இறங்காத வியாபாரிபோல் அது அதே முனகலில் நிற்கிறது. தட்டு வைக்க இடம் தேடும் மனைவி ஸ்பீக்கரை எடுத்துக் காலி டப்பாவின் வாய்மேல் வைக்கிறாள், மூடிபோல் பொருந்துகிறது. அடுத்த அமுக்கலில் வீடே அலறுகிறது. "யாருப்பா வாசல்ல?" என்கிறார், அமுக்கிய அப்பாவே. அப்பா அமுக்க அமுக்க, மகன் ஸ்பீக்கரைத் தூக்குகிறார்: கொசு. வைக்கிறார்: அலறல். "நான் ஒண்ணுமே மாத்தலையே!" துணியின் தரம் பார்க்கும் விரல்களால் டப்பாவைத் தடவுகிறார், தட்டுகிறார், காது வைத்துக் கேட்கிறார். உள்ளே அப்பா மறுபடி அமுக்க, காதிலேயே மணி அலறுகிறது. "இதோ வர்றேன் மாமா," என்று மனைவி கையில் கரண்டியோடு உள்ளே ஓடுகிறாள். கூப்பிட்டவருக்கு ஆள் போயாயிற்று. மணி செய்தவர் மட்டும், ஒன்றுமில்லாத டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்.