பட்டியலின் கடைசிப் பெயர்

ஆஸ்திரேலியாவின் விம்மெரா பகுதிக் கோதுமை வயல்களுக்கு நடுவே, நூற்றிருபது வருஷத்துக் கல் தேவாலயத்தை வாங்கி வீடாக்கிக்கொண்ட நெவில் அதில் தனியாக இருக்கிறான். அவன் தும்மினால் கூரை நான்கு முறை திருப்பித் தும்முகிறது. அதுதான் அவனுக்கு வாய்த்த குடும்பம். வெளியே புல்வெட்டும் வண்டியின் இரைச்சல் ஓய்கிறது. பழைய சபையார் மாதம் ஒருவராகப் புல் வெட்டும் பட்டியல் இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. கட்டடத்தை விற்ற பிறகும் அவரவர் முறைக்கு வந்து வெட்டிவிட்டுப் போகிறார்கள். தனக்கும் இரண்டு கை இருப்பதை நெவில் யாரிடமும் சொல்லவில்லை. இன்று எழுபத்தெட்டு வயது தெல்மாவின் முறை. "பட்டியல்ல நான்தான் கடைசி. இனி உன் புல்லு, உன் பாடு," என்கிறாள். "ஒரு டீ குடிச்சிட்டுப் போங்கம்மா," என்கிறான் அவன், கொஞ்சம் அவசரமாகவே. அவள் பூட்ஸைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருகிறாள். சோபாவைச் சட்டை செய்யாமல் ஒரு நாற்காலியை இழுத்து, ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் இடையில், ஐம்பது வருஷமாக ஆராதனைக்கு உட்கார்ந்த மூன்றாம் வரிசை இடத்தில் போட்டு அமர்கிறாள். வண்ணக் கண்ணாடி வெயில் அவள் நரைமுடியை நீலமாக்குகிறது. எதிரே, பலிபீடம் இருந்த மேடையில், நெவிலின் கட்டில். புதிதாக வந்தவன் என்ற மரியாதையில் அவன் அவளுக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொள்கிறான். இருவரும் மேடையைப் பார்த்தபடி டீ குடிக்கிறார்கள். "போர்வைய மடிக்கிற பழக்கமே இல்லையா தம்பி?" என்கிறாள் திரும்பாமல். "அடுத்த வாரம் மடிச்சு வச்சிருப்பேன். வந்து பாருங்களேன்." அவள் கோப்பையைக் காலியாக்குகிறாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு," என்கிறாள், "எப்பவும்போல."